இஞ்சிக் குடும்பத்தின் ஒற்றை மகரந்தத்தாள்

இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்த தோட்டத்து மஞ்சள் செடி இன்று பூத்தது. பூ என்று தொலைவில் தெரிவது உண்மையில் பூவடிச் செதில்களின் அடுக்கு. அவற்றின் இடுக்கிலிருந்து எட்டிப் பார்க்கும் சிறிய மஞ்சள் நிறப் பூவே மெய்யான மலர். அதில் நம் கண்ணைக் கவரும் அகன்ற உதடு அல்லியிதழ் அன்று. மகரந்தம் தரும் வேலையைத் துறந்த இரண்டு மகரந்தத்தாள்கள் ஒன்றாக இணைந்து இதழ்போல் விரிந்த உறுப்பு அது. மகரந்தம் தருவது ஒரே ஒரு தாள்தான். அதன் மகரந்தப் பையிரண்டுக்கும் நடுவே, பூவின் பெண் உறுப்பான சூலகத்தின் காம்பு, அதாவது சூல்தண்டு, நூல்போல் நுழைந்து செல்கிறது.

வாழையும் கல்வாழையும் இஞ்சிக் குடும்பம் அடங்கும் அதே வரிசையை, அதாவது பல குடும்பங்களைக் கொண்ட பெரிய பிரிவை, சேர்ந்த உறவுகள். வாழைப்பூ ஆயும்போது கள்ளன் என்று நாம் உருவி எறிவது சூல்தண்டு. அதைச் சூழ நிற்கும் ஐந்தும் மகரந்தத்தாள்கள். ஐந்து ஒன்றாகக் குறைந்த கதையே இந்த வரிசையின் வகைப்பாட்டுக்கு முதுகெலும்பு என்பேன்.

இன்சுலின் செடியை முன்பு இஞ்சிக் குடும்பத்திலேயே வைத்திருந்தார்கள். ஆனால் அதன் இலைகள் தண்டைச் சுற்றித் திருகுபடியாக ஏறுகின்றன. கசக்கினால் மணமும் இல்லை. உதடும் ஐந்து தாள்கள் இணைந்து உண்டானது. ஆகவே அதைத் தனிக் குடும்பமாகப் பிரித்தது முற்றிலும் சரியே.

சித்தரத்தை இனத்தில் இன்னொரு விந்தை உண்டு. சில செடிகளில் காலையில் மேல்நோக்கி வளைந்திருக்கும் சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் சூல்தண்டின் நுனி) பிற்பகலில் கீழிறங்குகிறது; வேறு சில செடிகளில் இதற்கு நேர்மாறாக நிகழ்வதால், தன் மகரந்தம் தன் சூல்முடியில் படுவது பெரிதும் தவிர்க்கப்படுகிறது.