அட்ரினலின் ஆய்வு ஒன்றை எடைபோட்ட அனுபவம்

அவசர மருத்துவ மேற்படிப்பில் ஜர்னல் கிளப், அதாவது ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கூடி அலசும் கூட்டம், தவிர்க்க முடியாத கடமை. என் முறை வந்தபோது, 2018-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளியான பாராமெடிக்-2 ஆய்வை எடுத்துக்கொண்டேன். மருத்துவமனைக்கு வெளியே இதயத்துடிப்பு நின்றுபோனவர்களை அட்ரினலின் காப்பாற்றுகிறதா என்று பிரிட்டனின் ஐந்து ஆம்புலன்ஸ் சேவைகள் 8,014 பேரிடம் நடத்திய ஆய்வு அது. சி.பி.ஆர். (நெஞ்சை அழுத்தி இதயத்தை மீட்கும் முயற்சி) நடக்கும்போது நாங்கள் யோசிக்காமலே உடைத்து ஏற்றும் மருந்து என்பதாலேயே அதைத் தேர்ந்தேன்.

சுருக்கத்தையும் முடிவுரையையும் ஒதுக்கி வைத்துவிட்டு, முறையியல் பகுதியிலிருந்து தொடங்கச் சொன்னார் எங்கள் பேராசிரியர். அங்கே எனக்கு நிறைவே ஏற்பட்டது. அட்ரினலினும், ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தில்லாத உப்புநீரும் பார்வைக்கு ஒன்றுபோன்ற பொதிகளில் இருந்தன. எது எவருக்குப் போகிறது என்று ஊசி போட்டவருக்கே தெரியாது. முப்பதாம் நாள் நிலை தெரியாமல் போனவர்கள் 7 பேர் மட்டுமே.

முடிவுகளுக்கு வந்தபோதுதான் வேலை கடினமானது. முப்பது நாள் கழித்து உயிரோடிருந்தவர்கள் அட்ரினலின் குழுவில் 3.2 சதவீதம், மற்றதில் 2.4 சதவீதம். இதையே விகிதமாகச் சொன்னால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான முன்னேற்றமாகத் தெரிகிறது. தலைக்கணக்காகச் சொன்னால், 112 பேருக்குக் கொடுத்தால் கூடுதலாக ஒருவர் பிழைக்கிறார். இரண்டும் உண்மைதான் என்றாலும், நோயாளியின் மகனிடம் பேசும்போது எனக்குப் பயன்படுவது இரண்டாவது கணக்கே.

பிழைத்தவர்கள் எந்த நிலையில் வீடு திரும்பினார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. நல்ல நரம்பியல் நிலையில் இருந்தவர்கள் அட்ரினலின் குழுவில் 2.2 சதவீதம், மற்றதில் 1.9 சதவீதம். இரு குழுக்களையும் ஒப்பிடும் விகிதம் ஒன்று என்றால் வேறுபாடில்லை என்று பொருள். அதன் நம்பக இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய வரம்பு) 0.86 முதல் 1.61 வரை நீண்டு ஒன்றையும் உள்ளடக்குவதால், வேறுபாடு உண்டென்று அடித்துச் சொல்ல முடியாது. பிழைத்தவர்களில் கடுமையான நரம்பியல் பாதிப்போடு இருந்தவர்களோ அதே வரிசையில் 31 சதவீதமும் 17.8 சதவீதமும். இதை வைத்து, அட்ரினலின் மூளையைக் கெடுக்கிறது என்று ஜர்னல் கிளப்பில் ஒருவர் சொன்னார். நான் மறுத்தேன். சமவாய்ப்பு முறையில், அதாவது குலுக்கல் போல, பிரிக்கப்பட்டவர்கள் 8,014 பேர்; அதனால்தான் இரு குழுக்களும் தொடக்கத்தில் சமநிலையில் இருந்தன. பிழைத்தவர்கள் என்பது சிகிச்சைக்குப் பிறகு உருவான குழு, அதற்குள் ஒப்பிடும்போது அந்தச் சமநிலை கலைந்துவிடுகிறது. எண்ணிக்கையாகப் பார்த்தால் 130 பேரும் 94 பேரும் பிழைத்தார்கள். மருத்துவமனையிலிருந்து வெளியேறும்போது நரம்பியல் நிலை பதிவான 126 பேரிலும் 90 பேரிலும், கடும் பாதிப்புடன் இருந்தவர்கள் 39 பேரும் 16 பேரும். அதாவது, கூடுதலாகப் பிழைத்த 36 பேருக்கு எதிரே கடும் பாதிப்புள்ளவர்கள் 23 பேர் கூடியிருக்கிறார்கள். மருந்து இல்லாவிட்டால் இறந்திருக்கக்கூடிய சிலர் பாதிப்போடு பிழைத்திருக்கலாம் என்ற விளக்கமும் இந்த எண்களுக்குப் பொருந்துகிறது.

கடைசியாக, இது நம் நோயாளிகளுக்குப் பொருந்துமா என்று பேசினோம். அந்த ஆய்வில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இடத்துக்கே போனார்கள். அப்படியிருந்தும் அழைப்பு வந்து மருந்து ஏற ஏறத்தாழ 21 நிமிடம் ஆனது. எங்களிடம் பலர் ஆட்டோவிலும் காரிலும், வழியில் ஒருவரும் நெஞ்சை அழுத்தாத நிலையில் வந்து சேர்கிறார்கள். ஆகவே அந்த 3.2 சதவீதத்தை எங்கள் வாசலில் அப்படியே எதிர்பார்க்க இயலாது என்று பதிவு செய்தோம். அட்ரினலினை நிறுத்த வேண்டாம், ஆனால் மருந்து ஏற்ற ரத்தநாளம் தேடுவதற்காக நெஞ்சழுத்தமும் டிஃபிப்ரிலேட்டரும் (இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி) ஒரு நொடிகூடத் தாமதிக்கக் கூடாது என்று முடிவு செய்து, சி.பி.ஆர். குழுவில் ரத்தநாளம் பிடிப்பவரையும் அழுத்துபவரையும் ஷிஃப்ட் தொடக்கத்திலேயே தனித்தனியாகக் குறித்து வைக்கத் தொடங்கினோம்.