93 ஆக்டேன் பெட்ரோலும் என் 1966 ஜிடிஓவும்

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத ஞாயிறு. அமெரிக்காவின் மிச்சிகனில், என் 1966 பான்டியாக் ஜிடிஓ காரில், ராயல் ஓக்கிலிருந்து பான்டியாக் நகரை நோக்கி உட்வர்ட் அவென்யூவில் போய்க்கொண்டிருந்தோம். நான்காம் கியரிலேயே ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தேன். தகர டப்பாவில் சோழியைப் போட்டுக் குலுக்கியது போல் ஒரு சத்தம். "அப்பா, கார் பல்லைக் கடிக்கிறது" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மகள்.

நாக்கிங்தான் அது. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டருக்குள் பரவி முடிப்பதற்குள், ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை வெப்பமும் அழுத்தமும் தாங்காமல் தானாக வெடித்துவிடுகிறது. கவனிக்காமல் ஓட்டினால் ஒரு நாள் பிஸ்டன் உடையும்.

என்னுடையது 389 கன அங்குல வி8. நான்கு பேரல் கார்ட்டர் கார்ப்பரேட்டர், 335 குதிரைத்திறன், கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் கலவையை அமுக்கும் விகிதம், 10.75:1. ஆக்டேன் என்பது பெட்ரோல் நாக்கிங்கைத் தாங்கும் அளவு. ஈயம் கலந்த, 100 ஆக்டேனை ஒட்டிய பிரீமியம் பெட்ரோல் எங்கும் கிடைத்த காலத்துக்காகச் செய்த இஞ்சின். இன்று பெட்ரோல் பங்கில் 93 என்று பார்த்ததும் பலர் பயந்துவிடுகிறார்கள். அந்தப் பயம் பாதி தேவையற்றது. அன்று சொன்னது ரிசர்ச் ஆக்டேன் எண். இன்று அமெரிக்கப் பங்குகளில் எழுதியிருப்பது ரிசர்ச், மோட்டார் என்ற இரண்டு எண்களின் சராசரி. பழைய கணக்கில் 93 என்பது ஏறக்குறைய 97, 98 வரும். இடைவெளி சிறியதுதான். அதை எப்படி ஈடுகட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

நான் காரைக் கொண்டுபோய் விட்ட பட்டறையில் பிளக்குகளுக்கு மின்சாரம் பகிரும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, 6 டிகிரியில் இருந்த டைமிங்கை, அதாவது பிஸ்டன் உச்சிக்கு வரும் முன் எவ்வளவு சீக்கிரம் பற்றவைப்பது என்ற கணக்கை, பூஜ்யத்துக்குத் தள்ளிக் கொடுத்தார்கள். சத்தம் குறைந்தது, காரின் உயிரும் போயிற்று. ஆகஸ்டில் உட்வர்டில் பழைய கார்கள் ஊர்வலமாக ஊர்ந்தபோது வெப்பமானி முள் ஏறிக்கொண்டே போனது. தாமதமாகப் பற்றவைத்தால் எரிதல் முடியுமுன்பே எக்ஸாஸ்ட் வால்வு திறந்துவிடும். சக்கரத்துக்குப் போகவேண்டிய வெப்பம் சிலிண்டர் ஹெட்டுக்கும் தண்ணீருக்கும் போகும். இந்த வைத்தியத்தை இன்றும் பலர் செய்கிறார்கள். எனக்கு அது மனம் பொறுக்காத காரியம்.

அந்தக் குளிர்காலத்தில் நானே உட்கார்ந்தேன். ஒன்றை முன்பே கவனித்திருந்தேன்: முழுதாக மிதித்தால் சத்தமில்லை, லேசாக மிதித்தால்தான் வருகிறது. முழுதாக மிதிக்கும்போது, கலவை இஞ்சினுக்குள் போகும் குழாயான மேனிஃபோல்டில் வேக்குவம் விழுந்துவிடும், அதனால் அந்த வேக்குவத்தைக் கொண்டு டைமிங்கை முன்னுக்குத் தள்ளும் வேக்குவம் அட்வான்ஸ் விலகிவிடும். ஆகவே குற்றவாளி அதுதான். டைமிங் லைட்டும் கைப்பம்பும் வைத்து அளந்தேன். வேக்குவம் டப்பா மட்டும் 20 டிகிரி கொடுத்தது. பட்டறைக்குப் போகும் முன் இருந்த 6, வேகம் கூடக்கூட டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விரியும் எடைகள் தரும் 26, இந்த 20 எல்லாம் சேர்ந்தால் 52. இன்றைய பெட்ரோலுக்கு அது அதிகம்.

10 டிகிரிக்கு மேல் போகாத டப்பாவை மாற்றினேன். பிறகு, எல்லோரும் செய்வதற்கு நேர்மாறாக, ஆரம்ப டைமிங்கை 10-க்கு ஏற்றினேன். எடைகளின் ஓட்டத்தைச் சற்றுத் தடிமனான பித்தளை புஷ் ஒன்றைப் போட்டு 24-இல் நிறுத்தினேன். மொத்தம் 34, சீரான ஓட்டத்தில் வேக்குவமும் சேர்ந்து 44. எடைகளை இழுத்துப் பிடிக்க முதலில் இரண்டு பக்கமும் மெல்லிய ஸ்பிரிங் போட்டேன். நிமிடத்துக்கு 2,000 சுற்றுக்கு மேல் முழுதாக மிதித்தால் மறுபடி பல்லைக் கடித்தது. சுண்டுவிரல் நகத்தளவு ஸ்பிரிங் அது. ஒரு பக்கம் மட்டும் பழைய தடித்த ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டியதும் சத்தம் அடங்கியது.

அடுத்தது கலவை. பங்கில் வருவது 10 சதவீத எத்தனால் சேர்ந்த பெட்ரோல். பெட்ரோல் வரும் துளையான ஜெட் அதேயாக இருந்தால் கலவை மெலிந்துவிடும், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போதாது. அதன் அடையாளமாக என் பிளக்குகளின் பீங்கான் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கார்ட்டர் கார்ப்பரேட்டரின் அருமை இங்கேதான் தெரியும். மேலே இரண்டு சிறு மூடிகள். ஸ்குரூவைத் தளர்த்தி மூடியை விலக்கினால், ஜெட்டுக்குள் இறங்கிப் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் மெட்டரிங் ராடு கையோடு மேலே வந்துவிடும். ஓர் அளவு மெல்லிய ராடு போட்டேன். இப்போது பீங்கான் பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது. எத்தனால் தாங்காத பழைய ரப்பர் ஹோஸ்களையும் ஒன்றுவிடாமல் மாற்றினேன். அவை கசிந்தால் தீப்பிடிக்கும், இதில் சிக்கனம் கூடாது.

ஆக்டேன் ஏற்றும் பாட்டில்களை வாங்குவோருக்கு ஒரு வார்த்தை. "7 பாயின்ட்" என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 0.7 ஆக்டேன் என்றே பொருள்.

93 கிடைக்காத ஊர்களுக்குப் போகும்போது 91-தான் கிடைக்கும். அதற்காக டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் போட்டிருக்கிறேன். பெட்ரோல் போட்டதும் பானெட்டைத் திறந்து, போல்ட்டைத் தளர்த்தி, 2 டிகிரி பின்னுக்குத் திருப்பிக்கொள்கிறேன். எந்தக் கோட்டில் நிற்கிறது என்று டார்ச் அடித்துப் பார்ப்பது மகளின் வேலை.