அது இதுக்குச் சேராது, ஐயா

“ஐயா, அது இதுக்குச் சேராது.”

நான் சொன்னது இவ்வளவுதான். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் “ஓ, அப்பிடியோ தம்பி” என்று சொல்லிவிட்டு, கையில் எடுத்ததைத் திரும்பப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை. அடுத்த நாள் போகும்போது அவருடைய மகன் கை நிறைய டிப்ஸ் தந்துவிட்டுத்தான் போனார். ஆனாலும் அந்த ஒரு நிமிடம் இன்னும் என்னை விடவில்லை.

யாழ்ப்பாணத்தில் நல்லூர்த் தீர்த்தம் முடிந்து ஊர் மறுபடி மச்சச் சாப்பாட்டுக்குத் திரும்பிய கிழமை. கனடாவிலிருந்து மகன் ஒரு மாதம் முந்தியே எழுதியிருந்தார்: அப்பாவுக்கு 80ஆவது பிறந்தநாள், கியூபாச் சுருட்டு நாங்கள் கொண்டுவருகிறோம், அதற்குப் பொருத்தமான ஃபோர்டிஃபைட் வைன் ஒன்றை நீங்கள் தெரிவுசெய்து வையுங்கள். எங்கள் பாரில் பியர், சாராயம், விஸ்கிக்கு அப்பால் கேட்பவர்கள் குறைவு. கொழும்பில் பயிற்சி எடுத்தபோது எழுதிய கொப்பியைத் தேடி எடுத்தேன். உண்மையைச் சொன்னால், அன்று எனக்குச் சந்தோஷம். கடைசியில் ஒருவர் என்னிடம் என் வேலையைக் கேட்டிருக்கிறார் என்ற சந்தோஷம்.

இந்த வகை வைனில் திராட்சைச் சாராயம் சேர்த்து வலுவேற்றியிருப்பார்கள். போர்ட் என்கிற போர்த்துக்கல் வைனில் பாதி புளிக்கும்போதே சாராயத்தை ஊற்றிவிடுவார்கள்; ஈஸ்ட் அதோடு அடங்கிவிடும், மிச்சச் சீனி அப்படியே நின்றுவிடும். இனிப்பும் 20 வீதத்துக்குக் கிட்டிய வலுவும் அப்படித்தான் வருகின்றன. சுருட்டோடு சாதாரணச் சிவப்பு வைனைக் குடித்தால் வாய் காய்ந்துபோகும். புகையின் கசப்புக்கு முன்னால் நிற்க இனிப்பும் வேண்டும், வலுவும் வேண்டும்.

ஸ்பெயின் நாட்டு ஃபினோ ஷெரியை முதலிலேயே தள்ளினேன். மேலே ஈஸ்ட் ஏடு படிந்து அதன் கீழே முதிர்கிற, 15 வீதமளவு வலுவுள்ள மெல்லிய சாமான். இரண்டு இழுப்பில் காணாமல் போய்விடும். ஒலொரோசோ ஷெரி நன்றாக நின்றிருக்கும், ஆனால் கொழும்பிலும் அகப்படவில்லை. பெட்ரோ ஹிமெனெஸ் என்ற இனிப்பு ஷெரி பனம்பாணி போல ஊற்றும், எண்பது வயதுக்காரருக்கு அது வேண்டாம். ரூபி போர்ட்டில் பழம் தூக்கல். விண்டேஜ் போர்ட்டைத் திறந்தால் ஓரிரு நாளில் முடித்தாக வேண்டும், விலையும் அப்படி. மிஞ்சியது 10 வருட டோனி போர்ட். மரப்பீப்பாவில் கிடந்து சிவப்பெல்லாம் வெளிறி, வறுத்த கச்சானும் பேரீச்சம்பழமும் கொஞ்சம் பனங்கட்டியும் கலந்தது மாதிரி மணக்கும். நடுத்தரக் காரமுள்ள கியூபாச் சுருட்டுக்கு அதுதான். இதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை.

அலுமாரியில் ஒரு போத்தல் மதீராவும் இருந்தது, அதுவும் போர்த்துக்கேயரின் வலுவேற்றிய வைன்தான். அதை 45 பாகைக்கு மேல் மூன்று மாதம் சூடுகாட்டி எடுப்பார்கள், இல்லையென்றால் வெயில் விழும் மேல்மாடியில் வருடக்கணக்கில் பீப்பாவோடு வைத்திருப்பார்கள். ஏற்கனவே வெந்த வைன் என்பதால் எங்கள் சித்திரை வெயிலும் கரண்ட் வெட்டும் அதை ஒன்றும் செய்யாது. கரடுமுரடான சாமான் என்று அன்றைக்கு நான் அதைத் தொடவில்லை.

மூடிய பொது இடத்தில் புகைக்க 2006ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. வேப்பமரத்தடியில் மேசை போட்டேன். டோனியை லேசாகக் குளிரவைத்து ஊற்றினேன். மகன் சுருட்டை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். எனக்குச் சும்மா நிற்க முடியவில்லை, கதை சொல்லத் தொடங்கினேன். ஹவானாவில் சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்கு ஒருவர் உயரத்தில் இருந்துகொண்டு பத்திரிகையும் கதையும் வாசிப்பார், 1865இல் தொடங்கிய வழக்கம், அவருடைய சம்பளத்தைத் தொழிலாளிகளே காசு சேர்த்துக் கொடுப்பார்கள் என்றெல்லாம். பயிற்சியில் சொல்லித் தந்தது அப்படியே வந்தது. விருந்தாளிகளுக்குப் பிடிக்கும் கதை அது.

ஐயா கவனமாகக் கேட்டார். “பிழையா வாசிச்சா என்ன செய்வினம்?” என்றார்.

“அது தெரியாது ஐயா” என்று சிரித்தேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து அந்தப் பேப்பர் சுற்றை எடுத்தார். எங்கள் ஊர்ச் சுருட்டு. காலையில் சந்தையில் வாங்கியிருக்க வேண்டும். “தம்பி, இதுவும் உதோட சேருமோ?” என்று கேட்டார். நான் அந்த வசனத்தைச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், “உந்தக் காரம் வைனை அமத்திப் போடும்” என்றும் விளக்கம் கொடுத்தேன். அவர் கியூபாச் சுருட்டைப் பாதிவரை புகைத்தார். டோனி ஒரு கிளாஸோடு நின்றுவிட்டது. களைத்துப் போனார் என்று மகன் சொன்னார்.

அடுத்த நாள் பில் கட்டும்போது, குறையாக அல்ல, சும்மா கதையோடு கதையாக மகன் சொன்னார்: “அப்பா சின்ன வயசில சுருட்டுக் கொட்டிலில பேப்பர் வாசிச்சவர். அங்க வேலை செய்த கன பேருக்கு எழுத வாசிக்கத் தெரியாதாம்.”

எனக்குக் காது சூடாகிவிட்டது. எங்கள் கொட்டில்களிலும் அந்த வழக்கம் இருந்தது என்று எனக்கும் தெரியும்தான். சுருட்டுச் சுற்றுகிறவனுக்குக் கை வேலை செய்யும், காது சும்மா இருக்கும். ஒரு பெடியனைப் பிடித்துப் பேப்பர் வாசிக்கவிடுவார்கள். சின்ன வயதில் கேட்ட கதை. ஆனால் அது ஒரு பெட்டியில், ஹவானா வேறு பெட்டியில். மேசையில் நிற்கும்போது ஹவானாப் பெட்டிதான் திறந்தது.

என் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொன்னேன். தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையில் பதப்படுத்தி, கோடா என்கிற சாறு போட்ட இலை அது; டோனி அதற்கு முன்னால் நிற்காது. “சேரும் ஐயா” என்று சொல்லியிருந்தால் அது முகத்துக்காகச் சொன்ன பொய். அவராவது “நானும் வாசிச்சவன்தான் தம்பி” என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? கூட வேலை செய்கிறவன், “நீ உன்ர வேலையைத்தானே செய்தனி” என்றான். சரிதான்.

ஆனால் அவர் என்ன கேட்டார் என்பதே இப்போது எனக்கு நிச்சயமில்லை. “சேருமோ” என்றால் ருசி சேருமா என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஆட்கள் “இதைப் பத்தலாமோ” என்று நேரே கேட்கக் கூச்சப்பட்டால் அப்படியும் சுற்றிக் கேட்பார்கள். அப்படியென்றால் அவர் கேட்டது அனுமதி. மகன் கடல் கடந்து கொண்டுவந்த சுருட்டு, நான் கொழும்பிலிருந்து எடுப்பித்த வைன், இரண்டுக்கும் நடுவில் தன்னுடையதைப் பற்றவைக்க இடம் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். நான் இல்லை என்றேன். இல்லை, இதுவும் நான் கூட்டிச் சேர்க்கும் கதையாக இருக்கலாம். ஒரு வயதானவர் சும்மா கேட்டது.

இன்னொன்றைப் பிறகுதான் அறிந்தேன், அறியாமலே இருந்திருக்கலாம். போர்த்துக்கேயர் 1619 முதல் 1658 வரை இங்கே ஆண்டு பாண், அலுமாரி, கதிரை எல்லாவற்றையும் சொல்லோடு விட்டுப் போனவர்கள். போகும்போது கொண்டுபோனதும் உண்டு. அவர்கள் மொழியில் சுருட்டுக்குப் பெயர் ‘ஷருட்டு’, தமிழ்ச் சொல்லேதான். போர்ட் வைன் செய்கிற நாட்டில் எங்கள் சொல் சேர்ந்திருக்கிறது.

ஒரு கிழமை கழித்து, வேலை முடிந்த இரவில், அதே சந்தைச் சுருட்டு இரண்டை வாங்கிக்கொண்டு வந்து பின்பக்கம் இருந்தேன். மிச்சமிருந்த டோனியோடு பார்த்தேன். நான் சொன்னது சரி. டோனி செத்தே போனது, வாயில் வெறும் சீனித்தண்ணீர். கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. பிறகு அந்த மதீராவைத் திறந்தேன். அதன் புளிப்பு புகையை வெட்டிக்கொண்டு நின்றது. நன்றாக இருந்தது என்று சொல்லமாட்டேன். நின்றது. அன்றைக்கு அலுமாரிக்கும் அந்த மேசைக்கும் இடையில் பத்து அடி இருக்காது.

வாச்சர் அண்ணை வந்து பக்கத்தில் குந்தினார். அவருக்கும் ஊற்றிக் கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டு, “வைனோ? விசரே உனக்கு? சுருட்டுக்குப் பிளேன்ரீயும் பனங்கட்டியும்தான்” என்றார். என்றாலும் கிளாஸைத் திருப்பித் தரவில்லை. அவருடைய தகப்பன் கொட்டிலில் வேலை செய்தவர் என்பது நினைவு வந்தது.

“அண்ணை, அங்க பேப்பர் வாசிக்கிற பெடியன் பிழையா வாசிச்சா என்ன செய்வினம்?”

“என்ன செய்யிறது,” என்றார். “முதல்ல இருந்து வாசிக்கச் சொல்லுவினம்.”