ஸ்பேமில் ஊறிய மாங்கூழ்

அக்டோபரில் ஆரம்பித்து ஜனவரி முடிய 340 மின்னஞ்சல் அனுப்பினேன். துபாய், மஸ்கட், ராட்டர்டாம் என்று ஊர் ஊராகத் தேடி, மாங்கூழ் இறக்குமதி செய்கிறவர்களுக்கு. பதில் ஒன்றே ஒன்று. அதுவும் எங்களுக்கு இரும்பு டிரம் விற்கப் பார்த்த ஒருவருடையது.

எங்களுடையது காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு சின்ன யூனிட். சீசனில் பெங்களூரா ரக மாம்பழத்தைக் கூழாக்கி, பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் வொர்க்காகச் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். நேரடியாக வெளிநாட்டு ஆளைப் பிடித்தால் டிரம்முக்கு நாலு காசு கூட நிற்கும் என்பது கணக்கு. பழம் வருவதற்கு முன்பே ஆர்டர் பேசி முடிக்க வேண்டும். அதனால்தான் இந்த அவசரம்.

விஷயம் வெளியே வந்தது கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா பையனால். ஒரு கடிதத்தில் அவனையும் சேர்த்திருந்தேன், ஆங்கிலம் சரியா என்று பார்க்கச் சொல்லி. ரெண்டு நாள் கழித்துப் போன் செய்தான். "அண்ணா, உங்க மெயில் ஸ்பேம்ல கெடக்குது. லாட்டரி அடிச்சிருக்குன்னு ஒருத்தன் அனுப்பியிருக்கான் பாருங்க, அதுக்குப் பக்கத்துலயே."

நான் செய்த முதல் தப்பு, குற்றத்தைக் கடிதத்தின் மேல் போட்டது. 'பெஸ்ட் பிரைஸ்' என்பதை எடுத்தேன். தலைப்பில் இருந்த பெரிய எழுத்துகளைச் சின்னதாக்கினேன். ஆச்சரியக்குறிகளைப் பொறுக்கி எறிந்தேன். மூன்று வாரம் இதிலேயே போனது. ஒவ்வொரு முறையும் தம்பிக்கு அனுப்புவேன், அவன் "ஸ்பேம்தான்" என்பான். கடைசியில் அவனே பார்த்துப் பாவப்பட்டு, ஜிமெயிலில் அந்தக் கடிதத்தைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' போய் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினான். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். நீங்களாவது செய்யுங்கள்.

அதில் எஸ்பிஎஃப் என்ற இடத்தில் 'பெர்ம்எரர்', அதாவது நிரந்தரப் பிழை என்று இருந்தது. நம் டொமைன் பெயரில் (மின்னஞ்சல் முகவரியில் @க்குப் பின்னால் வருவது) எந்தெந்த சர்வர் கடிதம் அனுப்பலாம் என்று சொல்லும் வரிதான் எஸ்பிஎஃப். ஒரு டொமைனுக்கு அது ஒன்றுதான் இருக்கலாம். எங்களுக்கு இரண்டு இருந்தது. வெப்சைட் செய்தபோது ஹோஸ்டிங்காரர் போட்ட வரி ஒன்று, பிறகு மின்னஞ்சலை கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாற்றியபோது சேர்த்த வரி இன்னொன்று. இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது.

இன்னும் மோசம், என்னை ஏமாற்றியது டிகேஐஎம் வரி. கடிதத்தில் டொமைன் பெயரில் விழும் மின் கையெழுத்துதான் டிகேஐஎம். அதில் 'பாஸ்' என்றே இருந்தது. சந்தோஷப்பட்டேன். கூர்ந்து பார்த்தால், பாஸ் ஆன டொமைன் எங்களுடையது இல்லை. நாம் நமக்கென்று கையெழுத்துக்கான சாவி போடாவிட்டால் கூகுள் தன் டொமைனில் போட்டு விடும் பொதுக் கையெழுத்து அது. அடுத்தவர் ஜாமீன் கையெழுத்து போட்ட மாதிரி. அனுப்புநர் முகவரியில் உள்ள பெயரும் கையெழுத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போனால்தான் டிமார்க் அதை ஏற்கும். இந்தச் சோதனையில் தேறாத கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் வரிதான் டிமார்க். எங்களுக்கு டிமார்க் வரியே இல்லை என்பது வேறு கதை.

சரி, மூன்று வரிதானே, அரை மணி வேலை என்று நினைத்தேன். அந்த வரிகளைப் போட டொமைனின் கன்ட்ரோல் பேனல் வேண்டும். அதன் பாஸ்வேர்டு வெப்சைட் செய்து கொடுத்தவரிடம்.

போன் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ஓசூர் போனேன். அவர் ஆபீஸ் இருந்த மாடியில் இப்போது டியூஷன் சென்டர். கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் "அவர் பெங்களூர் போயிட்டாருங்களே, ஒரு வருஷம் ஆச்சு" என்றார். ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அடுத்த வாரம் வாட்ஸப்பில் பிடித்தபோது, "மெயின்டனன்ஸ் பாக்கி 4,000 இருக்கு சார், அதைக் க்ளியர் பண்ணிட்டா குடுத்துடறேன்" என்றார். எந்த மெயின்டனன்ஸ் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. அப்போதுதான் தெரிந்தது, டொமைன் பதிவாகியிருப்பதே அவர் மின்னஞ்சலில். எங்கள் பெயர் போட்ட பலகை, பட்டா அவர் கையில். "குடுத்துத் தொலைடா, சீசன் வந்துடும்" என்றார் அப்பா. கொடுத்தேன். அவர் ஓடிபி சொல்ல நேரம் கிடைக்காமல் இன்னும் ஆறு நாள் இழுத்து, ஒருவழியாக டொமைன் என் கணக்குக்கு வந்தது.

இதைப் படிக்கிற யாராவது வெப்சைட் வேலையை ஆள் விட்டுச் செய்திருந்தால், இன்றைக்கே ஒரு காரியம்: டொமைன் யார் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். சண்டை வருவதற்கு முன்.

எஸ்பிஎஃப் வரி இரண்டையும் ஒன்றாக இணைத்தது பத்து நிமிடம். டிகேஐஎம்தான் படுத்திவிட்டது. வொர்க்ஸ்பேஸ் அட்மின் பக்கத்தில் 2048 பிட் சாவியை உருவாக்கி, டொமைன் பேனலில் ஒட்டி, காத்திருந்தேன். 48 மணி நேரம் வரை ஆகலாம் என்று போட்டிருந்தது. ஆனது. கிடைக்கவில்லை என்றே காட்டியது. டொமைன் விற்றவர்களின் உதவி சாட்டில் ஒருவர் "72 மணி நேரம் பொறுங்கள்" என்றார். பொறுத்தேன். மறுபடி கேட்டேன். வேறொருவர், அதே 72. 'நாளைக்கு வாங்க' என்பதைக் கணினியில் சொன்னால் இப்படித்தான் இருக்கும்போல.

ஐந்தாம் நாள் இரவு டிஎன்எஸ் வரிகளை, அதாவது டொமைன் பேனலில் போடும் இந்த வரிகளைத் தேடிக் காட்டும் ஒரு இலவசத் தளத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் சாவியின் பெயரைப் போட்டால் ஒன்றும் இல்லை. சும்மா ஒரு சந்தேகத்தில் அந்தப் பெயருக்குப் பின்னால் டொமைனை இரண்டாவது முறையும் சேர்த்துப் போட்டேன். அங்கே உட்கார்ந்திருந்தது சாவி, ஐந்து நாளாக! பேனலில் பெயர்க் கட்டத்தில் முழுப் பெயரையும் போட்டிருக்கிறேன். அது தானாகவே டொமைனை இன்னொரு முறை ஒட்டிக்கொண்டது. அப்பா பெயரை இனிஷியலிலும் எழுதி, கடைசியிலும் எழுதின மாதிரி. பின்பாதியை அழித்தேன், 20 நிமிடத்தில் பச்சை விழுந்தது. ராத்திரி பதினொன்றரைக்குத் தனியாக ஒரு கைதட்டல் போட்டுக்கொண்டேன்.

டிமார்க்கை முதலில் 'நன்' (none) என்ற நிலையில், அதாவது எதையும் தடுக்காமல் அறிக்கை மட்டும் அனுப்பு என்று வைத்தேன். அறிக்கைகளுக்கென்று தனி முகவரி கொடுங்கள், இல்லாவிட்டால் தினமும் படிக்க முடியாத கோப்புகள் வந்து இன்பாக்ஸை அடைக்கும்.

இப்போது மூன்றும் பாஸ். பத்துக்கு மார்க் போடும் ஒரு தளத்தில் 9.5 வாங்கினேன். அந்த 9.5 தான் என்னைக் கெடுத்தது.

இறக்குமதியாளர் பட்டியல் விற்கிற ஒருவரிடம் 3,500 ரூபாய்க்கு 1,800 முகவரி வாங்கினேன். ஒரே நாளில் 80 பேருக்கு அனுப்பினேன். 27 திரும்பி வந்தன, அப்படி ஒரு முகவரியே இல்லை என்று. மூன்றில் ஒன்று. அடுத்த வாரம் எங்கள் ஆடிட்டர் கூப்பிட்டார். "தம்பி, ஜிஎஸ்டி பில்லெல்லாம் இன்னும் அனுப்பலையா?" அனுப்பியிருந்தேன். அவருடைய ஸ்பேமில் இருந்தது. நாலு வருஷமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த முகவரி. அதே நாள் டிரம் சப்ளையரும் பர்ச்சேஸ் ஆர்டர் வரவில்லை என்றார்.

அப்பா ஒரே கேள்விதான் கேட்டார். "புது ஆளைத் தேடப் போய் இருக்கற ஆளையும் தொலைச்சிடுவ போல?"

எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் அடையாள அட்டை மாதிரி. ஆள் இவர்தான் என்று சொல்லும், நல்லவர் என்று சொல்லாது. இல்லாத முகவரிக்கு அனுப்புவதும், வாங்கினவர் ஸ்பேம் என்று அழுத்துவதும் டொமைனின் பேரைக் கெடுக்கும். கூகுளும் யாகூவும் பிப்ரவரி 2024 முதல் விதிகளை இறுக்கின. ஜிமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 அனுப்புகிறவர்களுக்கு மூன்று வரியும் கட்டாயம், மற்றவர்களுக்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்பது கூகுள் கணக்கு, 0.1க்குக் கீழே இருந்தால் நல்லது. நம்மைப் போல நூறு அனுப்புகிறவனுக்கு ஒருவர் அழுத்தினாலே ஒரு சதவீதம். 5,000 எல்லாம் பெரிய ஆளுக்கு என்று நான் அலட்சியமாக இருந்தது தப்பு.

பட்டியலை அழித்தேன். 3,500 ரூபாய் போனது போனதுதான். மெயின் டொமைனில் இருந்து தெரியாத ஆளுக்கு ஒரு கடிதமும் போகக்கூடாது என்று முடிவு. பில், பேங்க், ஆடிட்டர் மட்டும் அதில். ஆடிட்டரை ஸ்பேமில் இருந்து எடுத்து 'ஸ்பேம் அல்ல' என்று அழுத்தச் சொன்னேன், சப்ளையர்களிடமும் கெஞ்சினேன். எல்லாம் சரியாவதற்கு மூன்று வாரத்துக்கு மேல் ஆனது.

வெளியே எழுத, பெயரில் சின்ன மாற்றத்தோடு இன்னொரு டொமைன், இந்த முறை என் பெயரிலேயே. மூன்று வரியும் ஒரு சாயங்காலத்தில் போட்டுவிட்டேன். புது டொமைனுக்கு நல்ல பேர் சேர, இரண்டு வாரம் தெரிந்தவர்களுக்கு மட்டும் தினம் ஐந்து கடிதம், அவர்களும் பதில் போட்டார்கள். காசு கொடுத்தால் பொய்க் கணக்குகள் தங்களுக்குள் கடிதம் போட்டு டொமைனைச் 'சூடேற்றும்' சேவைகள் இருக்கின்றன. ஒரு முறை சூடு பட்டது போதும் என்று விட்டுவிட்டேன். பிறகு தினம் பத்து புதியவர்கள். இன்றுவரை இருபதைத் தாண்டியதில்லை.

கடிதத்தையும் வெட்டினேன். 6 எம்பி பிரோஷர், லோகோ படம், சுருக்கிய லிங்க், திறந்தார்களா என்று வேவு பார்க்கும் பிக்ஸல் எல்லாம் போனது. ஏழு வரி. அவர்கள் என்ன விற்கிறார்கள் என்று பார்த்து, முதல் வரி ஒவ்வொருவருக்கும் தனியாக. கீழே கதவு எண்ணோடு எங்கள் முகவரி, வேண்டாமென்றால் ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று ஒரு வரி. அமெரிக்காவின் 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்த இரண்டும் கட்டாயம். ஜெர்மனியில் கம்பெனிகளுக்குக்கூட முன் அனுமதி இல்லாமல் விளம்பர மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்பதால் அந்த முகவரிகளை எடுத்துவிட்டேன்.

மே மாதம் இருவர் 'வேண்டாம்' என்று எழுதினார்கள். அன்றே பெயரை எடுத்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், அந்த இரண்டு வேண்டாமும் எனக்கு இனித்தது. பார்த்திருக்கிறார்களே!

ஜூனில் ஷார்ஜாவில் இருந்து இரண்டு வரி வந்தது. விலை அதிகம், பிரிக்ஸ் (கூழின் இனிப்பு அளவு) எவ்வளவு? அப்பா கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார். 14க்குக் குறையாது என்று எழுதி, லேப் ரிப்போர்ட்டை இணைத்து அனுப்பினேன். அனுப்பின கையோடு கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, ஸ்பேம்ல இருக்கா பாருடா என்றேன். தம்பி தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இந்த மெயில்ல என்னைச் சேர்க்கவே இல்லையே" என்றான்.