முகம் கோணக் கூடாது

எங்கள் செட்டிநாட்டுப் பக்கம், நகரத்தார் வீடுகளில், அம்மாவை ஆத்தா என்போம். செல்லமாகக் கூப்பிடும்போது மகளும் ஆத்தாதான்.

போன மார்கழியில் பிள்ளையார் நோன்புக்கு மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். திருக்கார்த்திகையிலிருந்து 21ஆம் நாள் வரும் நோன்பு. புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒன்றாக உருவிய 21 நூலைத் திரியாக்கி, வெல்லம் சேர்த்துப் பிசைந்த அரிசிமாவான இழைமாவில் செருகி, நெய்விட்டுக் கொளுத்தித் தருவார்கள். எரிகிற சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆறு வயதில் நான் பயந்து பின்வாங்கியபோது ஆத்தா முதுகில் கை வைத்துக் காதோடு சொன்னாள்: "முகம் கோணக் கூடாது."

அந்தச் சொல் இழையோடு நிற்கவில்லை. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் அதேதான். கல்யாணத்தில் சாமான் பரப்பி, நான் பிறந்ததிலிருந்து ஆத்தா சேர்த்த எவர்சில்வர் அடுக்குகளையும் எனாமல் தட்டுகளையும் சிட்டையைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தபோதும் அதேதான்.

2003இல், கல்யாணமாகி ஏழாவது மாதம், எஸ்டிடி பூத்தில் நின்று அழுதேன். என்னால் முடியவில்லை என்றேன். "பொறுத்துக்க ஆத்தா, எல்லாம் பழகிரும்" என்று போனை வைத்துவிட்டாள். மூன்றாம் நாள் ஊரிலிருந்து வந்தவர் கையில் ஒரு தூக்குச்சட்டி. திறந்தால் மாவுருண்டை. பாசிப்பருப்பை வறுத்துத் திரித்து, சீனி கலந்து, கொதிக்கிற நெய்யை ஊற்றி, சூடு ஆறுவதற்குள் பிடிக்க வேண்டும். ஆறினால் உதிர்ந்துவிடும். உள்ளங்கை சிவந்துபோகும். ஒவ்வொரு உருண்டையிலும் அவள் விரல் பதிந்திருந்தது.

அம்மாவின் பாசம் பலகாரத்தில் இருக்கிறது என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். இருக்கிறதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு வேண்டியிருந்தது "வந்துரு" என்ற ஒரு சொல். மாவுருண்டை அதற்கு ஈடாகாது. இத்தனை வருஷம் கழித்தும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அவளைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. எங்களில் கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோயிலில் புள்ளி, அதாவது குடும்பக் கணக்கில் இடம், கிடையாது. அந்தப் பெரிய வீட்டில் வளவை, அதாவது நடுமுற்றத்தை, சுற்றி இருக்கும் அறைகளெல்லாம் ஆண்பிள்ளைகளுக்கு. நான் பெட்டியோடு வந்து நின்றிருந்தால் என்னை எந்த அறையில் படுக்கவைத்திருப்பாள்? யாரிடம் கேட்டிருப்பாள்?

சரி, அந்தப் போன மார்கழிக்கே திரும்பி வருகிறேன். என் மகளுக்குப் பதினைந்து வயது. இழையைக் கண்டதும், "பயமா இருக்கும்மா, வேண்டாம்" என்றாள். சொந்தபந்தம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "முகத்தை அப்படி வைக்காதே" என்று என் வாயிலிருந்து வந்தேவிட்டது. பிள்ளை பேசாமல் வாங்கிக்கொண்டாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

ராத்திரி பட்டாலையில் பாய் விரித்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்குப் பயமாயிருந்தா பயமாயிருக்குன்னு சொல்லு. நான் சொன்னதுதான் தப்பு" என்றேன். பக்கத்துப் பாயில் ஆத்தா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

அப்புறம் தைலத்தை எடுத்து ஆத்தாவின் முட்டியில் தேய்த்தேன். 74 வயது. எப்போது கேட்டாலும் ஒன்றுமில்லை என்பாள். பழக்கத்தில்தான் கேட்டேன், வலிக்குதா என்று.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலிக்குது ஆத்தா. ரொம்ப வலிக்குது."