செர்னின்காஸே தெருவில் எதிரெதிர் வீடுகள்

வியன்னாவிலிருந்து திரும்பி மூன்று நாளாகிறது. செலவுக் கணக்கு, ரயில் விவரம், தங்குமிடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதுவதாக நண்பர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அதெல்லாம் பிறகு. முதலில் செர்னின்காஸே.

பிராட்டர் பூங்காவின் ராட்சத ராட்டினத்திலிருந்து நடந்தே போய்விடலாம். சாதாரணக் குடியிருப்புத் தெரு. 7ஆம் எண் வீட்டில் உளவியலாளர் ஆல்ஃபிரட் ஆட்லர் குடியிருந்தார். நம் பேச்சில் அன்றாடம் புழங்கும் 'தாழ்வு மனப்பான்மை'யின் மூலவர். எதிர்ச்சாரியில் 6ஆம் எண்: 1905 மார்ச் 26 அன்று மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்க்ல் பிறந்த வீடு. அஞ்சல் வழியில் உளவியல் படித்தபோது இந்த இருவரும் வெவ்வேறு அத்தியாயங்களில் இருந்தார்கள். இங்கே அவர்களுக்கு நடுவே ஒரு தெருவின் அகலம்தான். அங்கே நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இந்தத் தெருவுக்கு வந்து சேர்ந்ததே எரிச்சலில்தான். விமான நிலையத்தில் ஒரு டாக்ஸி ஓட்டுநர் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்த பிறகு 75 யூரோ என்றார். என் மூன்று நாள் சாப்பாட்டுப் பணம் அது. பெட்டியைத் திரும்ப இறக்க வைப்பதற்குள் தொண்டை வறண்டுவிட்டது. எஸ் 7 ரயிலில் ஐந்து யூரோகூட ஆகவில்லை; பிராட்டர்ஸ்டெர்ன் நிலையத்திலேயே இறக்கிவிட்டது. டாக்ஸிக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தாலும் போகாதீர்கள். குடிக்கத் தண்ணீரும் வாங்க வேண்டாம். ஆல்ப்ஸ் மலையின் ஊற்றுநீர் 1873 முதல் இந்த ஊருக்குக் குழாயில் வருகிறது. அவ்வளவு ருசி.

மறுநாள், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய சிக்மண்ட் ஃபிராய்டின் வீடு, பெர்க்காஸே 19. 1891 முதல் 1938 வரை 47 ஆண்டுகள் அவர் இருந்த இடம். நுழைவுச்சீட்டு என் பட்ஜெட்டுக்கு அதிகம். உள்ளே போனால், நோயாளிகள் படுத்தபடி மனம்விட்டுப் பேசிய அந்தப் புகழ்பெற்ற சாய்மெத்தை இல்லை! நாஜிகளிடமிருந்து தப்பி 1938 ஜூனில் லண்டன் போனபோது அதுவும் கூடவே போய்விட்டது. காத்திருப்பு அறையில் மட்டும் பழைய நாற்காலிகள். மகள் அன்னா பின்னாளில் அனுப்பிவைத்தவை. முதல் கால் மணி நேரம் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு வெறும் சுவர்களே பேசத் தொடங்கின.

ஃபிராய்ட் பிறந்தபோது அப்பாவுக்கு 40 வயது, அம்மாவுக்கு 20. அப்பாவின் முந்தைய மணத்துப் பிள்ளைகள் ஏறக்குறைய அம்மாவின் வயதுக்காரர்கள். அம்மா யாருக்கு உரியவள் என்ற குழப்பம் எந்தக் குழந்தைக்கும் வரக்கூடிய வீடு அது. அம்மாவுக்கோ தலைச்சன் பிள்ளை மேல் உயிர். அவன் படிப்புக்குத் தொந்தரவு என்று தங்கையின் பியானோவையே வீட்டைவிட்டு அகற்றினார்கள். 1896இல் அப்பா இறந்தார். மறு ஆண்டு தன்னையே ஆராயத் தொடங்கியவர், அக்டோபரில் நண்பர் ஃபிளீஸுக்குக் கடிதம் எழுதினார்: தாயிடம் ஆசையும் தந்தையிடம் பொறாமையும் தன்னிடம் இருப்பதைக் கண்டதாகவும், அது எல்லாக் குழந்தைகளுக்கும் பொது என்று கருதுவதாகவும். தன்னிடம் கண்டதை எல்லோருக்கும் பொதுவாக்கிய அந்தத் தாவல் எனக்கு இன்றும் ஒப்பவில்லை. தன் வீட்டை அவர் உலகமாக எடுத்துக்கொண்டார். கல்கத்தாவின் உளப்பகுப்பாய்வாளர் கிரீந்திரசேகர் போஸ் இதைத்தான் தன் நோயாளிகளை வைத்து அவருக்கு எழுதினார். எங்கள் ஊரில் இது வேறு மாதிரி இருக்கிறது என்று. ஆனாலும் 1931இல் கல்கத்தாவிலிருந்து தந்தத்தில் செய்த விஷ்ணு சிலை ஒன்று அவருக்குப் பரிசாகப் போனது. அதுவும் இப்போது லண்டனில்.

எனக்கு மனம் கனத்தது அன்னாவை நினைத்துத்தான். பெற்ற மகளையே நோயாளியாகப் படுக்கவைத்து, 1918 முதல் அவள் கனவுகளைக் கேட்டுப் பகுத்தாராய்ந்தார் தந்தை. தந்தை மகள் உறவைப் பற்றி அத்தனை எழுதியவர் இதைச் செய்திருக்கக் கூடாது. ஆனால் 1923இல் அவருக்கு வாய்ப் புற்றுநோய் வந்து முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைச் சிகிச்சைகள் நடந்தபோது பக்கத்திலேயே இருந்தவளும் அன்னாதான். மனிதனின் முதல் இன்பம் வாய்வழி வருவது என்று எழுதிய அவரால் அப்போதும் சுருட்டை விட முடியவில்லை.

வெளியே வந்ததும் கொலைப்பசி. பக்கத்து லீக்டென்ஸ்டைன் தெருவில் ஒரு பாகிஸ்தானி உணவகம். வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மனம்போல் பணம் கொடுக்கலாம். பருப்பும் சோறும் காரமான குழம்பும்! இரண்டு நாள் ரொட்டிக்குப் பிறகு கண்ணில் நீர் வந்துவிட்டது. மூன்று முறை போட்டுக்கொண்டேன். பத்து யூரோ வைத்தேன். வியன்னாவில் நான் செலவழித்த பத்து யூரோக்களில் இதுதான் உத்தமம்.

ஆட்லருக்கு அருங்காட்சியகம் எதையும் நான் பார்க்கவில்லை. அவரோ எனக்கு மிகவும் பிடித்தவர். எலும்பு நலிவு நோயால் நான்கு வயதுவரை நடக்காத பிள்ளை. தம்பி சின்ன வயதிலேயே பக்கத்தில் படுத்தபடி இறந்துபோனான். ஐந்து வயதில் நிமோனியா வந்தபோது, "பையன் பிழைக்க மாட்டான்" என்று வைத்தியர் அப்பாவிடம் சொன்னது காதில் விழுந்தது. மருத்துவனாவேன் என்று அன்றே முடிவெடுத்தான். இவன் நடக்கவே திணறியபோது ஓடியாடித் திரிந்த அண்ணனின் பெயர் சிக்மண்ட். பெரியவனான பிறகு இன்னொரு சிக்மண்டின் வீட்டுக்கு 1902இல் அஞ்சலட்டை அழைப்பில் போனார், 1911இல் முறித்துக்கொண்டார். தன்னை ஃபிராய்டின் சீடர் என்று யாராவது சொன்னால், பழுத்துப்போன அந்த அட்டையை எடுத்துக் காட்டுவாராம், அழைத்தது அவர்தான் என்று. இரண்டாவது பிள்ளை எப்போதும் முதல் பிள்ளையைத் துரத்தி ஓடுகிறது என்று எழுதியவரும் இவரே. நானும் வீட்டில் இரண்டாவது. அந்த வரியைப் படித்த நாளில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன்.

ஃபிராங்க்ல் 1945 முதல் சாகும்வரை இருந்த வீடு மரியானென்காஸே 1. பெர்க்காஸேயிலிருந்து நடக்கும் தூரம். எல்லா நாளும் திறக்க மாட்டார்கள், பார்த்துவிட்டுப் போங்கள். நாஜி வதைமுகாம்தான் அவருக்குத் தத்துவத்தைக் கற்றுக்கொடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். தவறு. வாழ்வின் அர்த்தத்தை நாடுவதே மனிதனின் முதல் தேவை என்ற கருத்தை அவர் முன்பே வகுத்துவிட்டார். அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கோட்டின் உள்துணியில் தைத்துக்கொண்டுதான் ஆஷ்விட்ஸ் போனார். அங்கே கோட்டோடு அது பறிபோனது. அமெரிக்க விசா கையில் இருந்தும், வயதான பெற்றோரை விட்டுப் போக மனமில்லாமல் வியன்னாவிலேயே தங்கியவர் அவர். அப்பா, அம்மா, அண்ணன், மனைவி டில்லி எல்லோரும் முகாம்களில் மாண்டார்கள். மற்ற இருவருக்கும் வாழ்க்கை கொள்கையைக் கொடுத்தது. இவர் கொள்கையிடம் வாழ்க்கை வந்து விலை கேட்டது. அந்த வீட்டிலிருந்து வெளியே வந்து வெகுநேரம் யாரிடமும் எனக்குப் பேசத் தோன்றவில்லை.

கடைசி நாள், 71ஆம் எண் டிராமில் மத்தியக் கல்லறைத்தோட்டம். யாராவது இறந்தால் "71ஐப் பிடித்துவிட்டார்" என்று சொல்வது வியன்னாக்காரர்களின் வழக்கம். ஆட்லர் 1937இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அவரது சாம்பல் எடின்பரோவில் கேட்பாரற்றுக் கிடந்து, 2007இல் கண்டுபிடிக்கப்பட்டு, 2011இல்தான் இங்கே வந்து சேர்ந்தது. நான்கு வயதுவரை நடக்காத பிள்ளைக்கு நடந்துகொண்டிருக்கும்போதே வந்த மரணம். கல்லறை முன் அதை நினைத்து அழுதுவிட்டேன்.

என் 24 மணி நேர டிக்கெட்டில் இன்னும் ஒரு மணி நேரம் மிச்சமிருந்தது. விடுதிக்குப் போகாமல் மறுபடியும் செர்னின்காஸேக்கே போனேன்.