அடுத்தடுத்து வந்த பூஜ்யங்கள்

கோத்தகிரி பக்கம் எங்கள் மாமா சிறு தேயிலை விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்புகிறார். மொத்தம் 48 பேர். பிக்கப் வண்டி போகிற வழியில் யார் தோட்டம் முதலில் வருகிறதோ, அந்த வரிசையில்தான் நோட்டில் பெயர் இருக்கும். ராத்திரி உட்கார்ந்து கூட்டிக் கூட்டி அத்தைக்குக் கண் வலி வந்துவிட்டது. கூகுள் ஷீட்டில் ஏற்றுங்கள், அதற்கு நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதித் தருகிறேன் என்றேன். அதில் எழுதுவது ஜாவாஸ்கிரிப்ட் மொழிதான், எனக்கு ஓரளவு பழக்கம்.

முதல் வேலை, அன்றைக்கு இலை தராதவர்களைப் பட்டியலிலிருந்து எடுப்பது. பட்டியலை ஒவ்வோர் இடமாகப் பார்த்துக்கொண்டே போகிற ஃபார் லூப் போட்டு, கிலோ பூஜ்யம் என்றால் ஸ்ப்ளைஸ் என்ற கட்டளை மூலம் அந்த இடத்தை நீக்கச் சொன்னேன். ஒரு வாரம் சரியாக ஓடியது. அப்புறம் கவாத்து ஆரம்பித்தது.

கவாத்து வெட்டிய செடியில் சில மாதங்களுக்கு இலை எடுக்க முடியாது. அண்ணன் தம்பி தோட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆள் கிடைக்கிற சமயத்தில் இரண்டையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். அதனால் நோட்டில் பூஜ்யமும் அடுத்தடுத்து வரும். "அண்ணன் பேர் போயிடுச்சு, தம்பி பேர் மட்டும் ஏம்ப்பா நிக்குது?" என்று மாமா கேட்டார்.

தாளில் எழுதிப் பார்த்தபோதுதான் புரிந்தது. 14, 0, 0, 22, 9 என்று ஐந்து எண்கள். அர்ரேயில், அதாவது நிரலுக்குள் இருக்கும் பட்டியலில், இடங்களின் எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதனால் முதல் 0 இருப்பது 1ஆம் இடம். அதை நீக்கியதும் மற்றதெல்லாம் ஒரு படி முன்னால் நகர்கிறது. இரண்டாவது 0 இப்போது 1ஆம் இடத்துக்கு வந்துவிட்டது. லூப்போ 2ஆம் இடத்துக்குப் போய் 22ஐப் பார்க்கிறது. தம்பியை யாருமே பார்க்கவில்லை.

நடுவில் ஸ்ப்ளைஸுக்குப் பதிலாக டிலீட் கட்டளை போட்டும் பார்த்தேன். அது மதிப்பை மட்டும் எடுக்கும், இடம் காலியாக அப்படியே நிற்கும், நீளமும் குறையாது. ஆளுக்கு எத்தனை கிலோ என்று மாமா தினமும் பார்ப்பவர். அதே ஐந்து எண்களின் மொத்தம் 45 கிலோவை, இலை தந்த மூன்று பேருக்கு வகுத்தால் 15 வர வேண்டும், ஐந்தால் வகுத்து 9 என்று காட்டியது. சரி, இது வேண்டாம்.

கடைசி இடத்திலிருந்து முதல் இடத்தை நோக்கி லூப் ஓட்டினால் ஸ்ப்ளைஸே போதும். நீக்கும்போது நகர்வதெல்லாம் ஏற்கெனவே பார்த்து முடித்த பக்கம்தான். ஆனால் எனக்குப் பிடித்தது ஃபில்டர். 2009லேயே ஜாவாஸ்கிரிப்டின் தரத்தில் சேர்ந்துவிட்டது. எதை நீக்க வேண்டும் என்று சொல்வதை விட்டு, எது இருக்க வேண்டும் என்று சொல்கிறோம். கிலோ பூஜ்யத்துக்கு மேல் இருப்பவர்கள் ஒரு புதுப் பட்டியலாக வருவார்கள், பழையது கலையாது. ஷீட்டில் காலியாக விட்ட கட்டமும் இந்த நிபந்தனையிலேயே விலகிவிடுகிறது.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஒரு விவசாயி இலை தருவதை நிறுத்திக்கொண்டார். அவர் பெயர் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இண்டெக்ஸ்ஆஃப் மூலம் தேடி, வந்த இடத்தை ஸ்ப்ளைஸில் கொடுத்திருந்தேன். ஷீட்டில் இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி இருந்தது, நான் தேடிய பெயரில் இல்லை. பெயர் கிடைக்காவிட்டால் இண்டெக்ஸ்ஆஃப் மைனஸ் 1 தரும். ஸ்ப்ளைஸுக்கு மைனஸ் 1 என்றால் கடைசியிலிருந்து முதல் ஆள். பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் பட்டியலின் கடைசிப் பெயர் போய்விட்டது.

கடைசிப் பெயர், வண்டி கடைசியாக நிற்கும் வீட்டுப் பாட்டி. தேயிலை வாரியம் அந்த மாதத்துச் சராசரி விலையை அறிவித்து, மாமா பட்டுவாடா செய்த அன்று அவருக்குப் பணமே இல்லை. சுருக்குப்பையிலிருந்து அந்த மாதம் இலை போட்டதற்கான சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துத் திண்ணையில் வரிசையாக வைத்தார். "தம்பி, 212 கிலோ போட்டிருக்கேன், நீயே கூட்டிப் பாரு" என்றார். மாமா கூட்டினார், 212தான். அங்கேயே பணத்தை எண்ணிக் கொடுத்தார். எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. சீட்டு வைத்திருந்ததால் பாட்டிக்குப் பணம் கிடைத்தது. வைத்திருக்காவிட்டால்?

அன்றிரவே அந்த வரியை எடுத்துவிட்டு அங்கேயும் ஃபில்டர் போட்டேன். நீக்குவதற்கு முன்னும் பின்னும் எத்தனை பேர் என்று எண்ணவும் வைத்தேன். ஒருவர் குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் நிரல் நின்று, எந்தப் பெயர் கிடைக்கவில்லை என்று காட்டும். அத்தை ஷீட்டில் அந்தப் பெயரைத் திருத்திவிட்டு மறுபடி ஓட்டுகிறார்.